இன்று வெள்ளம் வராது

பொன்னொளி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கத் தனிக் கட்டடமே இருக்கிறது. அதற்குப் பெயர் ஆராய்ச்சி மேன்மை மையம். லிஃப்ட் உண்டு, செயற்கை நீரூற்று உண்டு, நிறுவனரின் மார்பளவுச் சிலை உண்டு. நூலகம் மட்டும் கிடையாது. கேட்டால், படிக்கிறவர்களுக்கு வேறு கட்டடம், எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டடம் என்று சொல்வார்கள்.

கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஹெப்சி, முதல் நாள் இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள், விவரம் தெரியாத பெண்.

ஹெப்சிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செம்பாக்கத்தில் ஏரிக்குக் கீழ்ப்பக்கத் தெருவில், ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் அவளும் அம்மா ரத்தினபாயும் குடியிருந்தார்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேராக அவர்கள் கூடத்துக்குத்தான் வரும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. தண்ணீர் வந்த பிறகு அவரால் மாடிப்படி ஏற முடியாது. வருவதற்கு முன்னால் மெதுவாக ஏறினால்தான் உண்டு. மழையையும் ஏரியின் மட்டத்தையும் கணக்கிட்டு, 'இன்று மேலே போய்விடு' என்று முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லும் ஒரு மென்பொருள் எழுத வேண்டும். அதற்காகத்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தாள்.

முதலில் ஆராய்ச்சித் திறன் பயிலரங்கு நடந்தது. குத்துவிளக்கு ஏற்றுவதிலேயே காலைப்பொழுது போயிற்று. ஏசியை நிறுத்தினால் டீனுக்கு வியர்த்தது, நிறுத்தாவிட்டால் திரி அணைந்தது. கடைசியில் விளக்கைச் சுற்றி நான்கு உதவிப் பேராசிரியர்களை நிற்க வைத்துக் காற்றை மறைத்தார்கள். அந்த நால்வரின் பங்களிப்பும் ஆண்டறிக்கையில் ஆராய்ச்சிப் பணி என்று பதிவாயிற்று.

பிறகு ஆராய்ச்சி டீன் சத்யநாராயணன் பேசினார்.

"ஆராய்ச்சின்னா நிறைய பேர் பயப்படறாங்க. பயமே வேண்டாம். நானே முன்னூறு பேப்பருக்கு மேல போட்டிருக்கேன். அதுல பலதை நான் இன்னும் படிச்சதுகூட இல்ல. ரிட்டையர் ஆனதும் நிதானமா படிக்கணும்னு எடுத்து வெச்சிருக்கேன்."

பலத்த கைதட்டல்.

"எது ஆராய்ச்சி, எது இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ரொம்ப சிம்பிள். தொண்ணூத்தெட்டு சதவீதத்துக்கு மேல வந்தா ஆராய்ச்சி. கீழ வந்தா முயற்சி. முயற்சிக்கு நாம பட்டம் குடுக்கறதில்ல."

ஹெப்சி எழுந்து நின்றாள். "சார், வந்த முடிவு நிஜமாவே சரியான்னு எப்படி சோதிச்சுப் பார்க்கறது?"

டீன் அவளைப் பாசத்தோடு பார்த்தார். "அது லஞ்சுக்கு அப்புறம் வர்ற செஷன்மா."

லஞ்சுக்கு அப்புறம் குரூப் போட்டோ எடுத்தார்கள்.

ஹெப்சி ஏரிக்கரையில் மட்டம் அளக்கும் கருவி ஒன்றை வைத்தாள். மழையில் நனைந்தாள், கருவியைத் திருடர்களிடமிருந்தும் மாடுகளிடமிருந்தும் காப்பாற்றினாள், இரண்டு மழைக்காலம் கணக்கெடுத்தாள். அவள் எழுதிய மென்பொருள், தண்ணீர் வந்த ஒரு நாளைக்கூடத் தவறவிடவில்லை. வராத சில நாட்களில் 'வரும்' என்று சொன்னது, அதுதான் குறை. மொத்தத்தில் தொண்ணூற்று நான்கு சதவீதம். ஹெப்சியின் போனில் அலாரம் அடித்து அவள் சொன்னபோதெல்லாம் ரத்தினபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். பல நாள் சும்மா ஏறி இறங்கினார். முனகினாலும் ஏறினார். நிஜமாகத் தண்ணீர் வந்த நாட்களில் மேலே உட்கார்ந்து டீ குடித்தார்.

ஹெப்சி சந்தோஷமாகத் தன் கைடு அச்சுதனிடம் போனாள். அச்சுதன் கெட்டவர் அல்ல. அவருக்கு மேலே டீன் இருந்தார், அவ்வளவுதான்.

"தொண்ணூத்தி நாலா? என் பையன் பத்தாவதுல தொண்ணூத்தேழு வாங்கினதுக்கே வீட்ல ஒரு வாரம் அழுகை."

"சார், தண்ணி வந்த நாள் ஒண்ணைக்கூட இது விடல சார். சும்மா ஏறி இறங்கினா முட்டிதான் வலிக்கும். ஏற வேண்டிய நாள்ல ஏறாம இருந்தா உயிரே போயிடும்."

அச்சுதன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். உண்மையிலேயே தேடினார். "உயிருக்குன்னு இதுல கட்டமே இல்லையேம்மா. அக்யூரசிக்குத்தான் இருக்கு."

அவள் மாற்றி மாற்றி முயன்றாள். பொய் அலாரங்களைக் குறைத்தால் நிஜ வெள்ளம் ஒன்று தப்பிவிடும். அதைப் பிடித்தால் சதவீதம் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தாளை எடுத்துக்கொண்டு போனாள், ஒவ்வொரு முறையும் தாள் திரும்பி வந்தது. ரிஜிஸ்ட்ரேஷன் அந்த வருஷக் கடைசியோடு காலாவதி. அதற்குள் ஒரு பேப்பராவது வெளிவராவிட்டால் இத்தனை வருஷமும் தண்ணீரில் போட்டது மாதிரிதான். ஸ்காலர்கள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுதாள்.

பக்கத்து மேஜை சூர்யா, மாடம்பாக்கத்துப் பையன், பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான்.

"அழுவாத ஹெப்சி. வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணி வருது உங்க தெருவுல?"

"மூணு நாலு நாள் வரும்."

"அப்ப தினமும் 'வராது'ன்னு சொல்லிடு. மீதி நாளெல்லாம் நீ கரெக்ட். தொண்ணூத்தெட்டைத் தாண்டிடும். ஒரு வரி புரோகிராம்."

அவன் சிரிப்பதற்காகச் சொன்னான். ஹெப்சி சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஒன்பது.

அவளுக்கு வெறுப்பு தலைக்கேறியிருந்தது. அந்த ஒரு வரியையே பேப்பராக எழுதினாள். யாராவது ஒருவர் படித்துக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும், அப்போது வாயைத் திறந்து கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். அதற்காகவே மூன்றாம் பகுதியில் ஒளிக்காமல் எழுதியும் வைத்தாள்: 'இந்த வழிமுறை எல்லா நாளும் வெள்ளம் வராது என்றே சொல்லும். வெள்ளம் வரும் நாளில் இதனால் எந்தப் பயனும் இல்லை.'

யாரும் கூப்பிட்டுத் திட்டவில்லை. கூப்பிட்டு லட்டு கொடுத்தார்கள்.

பேப்பருக்கு 'கலப்பின ஆழ்கற்றல் நீர்வலை' என்று டீன் பெயர் வைத்தார். அடுத்தது, மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை. 'செம்பாக்கம் ஏரியில் மழை பெய்தது' என்பதை முன்பே பலர் எழுதிவிட்டார்களாம். அதைத் திருத்தி, 'நிலத்தால் சூழப்பட்ட நீர்ப்பரப்பில் மேலிருந்து ஈரம் இறங்கியது' என்று எழுதியதும் சோதனையில் தேறியது. பத்திரிகை நியமித்த மதிப்பீட்டாளர், ஆய்வு ஆழமாக இருப்பதாகவும், இன்னும் ஆழமாக்க ஏழு கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும் என்றும் எழுதினார். ஏழும் அவர் எழுதியவை.

கடைசியாக ஆசிரியர் பட்டியல். நிறுவனர் முதலில், அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தாலும். பிறகு அவர் மகனான வேந்தர், டீன், வேதியியல் துறையிலிருந்த டீனின் மனைவி, அச்சுதன். பாராட்டுச் சான்றிதழில் இடம் போதாததால் அதற்குப் பிறகு 'மற்றும் பலர்' என்று போட்டார்கள். ஹெப்சி அந்தப் பலரில் ஒருத்தி.

ரத்தினபாய் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில், இயேசு படத்துக்குக் கீழே மாட்டினார். கூடவே வந்த பேப்பரின் பிரதியைப் பக்கத்து அலமாரியில் வைத்தார். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"உன் பேரு எங்கம்மா?"

"அந்த 'மற்றும் பலர்'ல இருக்கேம்மா."

"படிச்சது நீ. மழையில நனைஞ்சது நீ. பேரை ஏன் முதல்ல போடல?"

"போடுவாங்கம்மா, அடுத்த தடவை."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் ஊரில் இன்னொரு பேப்பர் கூடிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் ஆராய்ச்சியின் பலன் சமூகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. சமூகம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். செம்பாக்கத்தில் இருந்தது.

ஹெப்சி ஓடினாள். "சார், அது எல்லா நாளும் வராதுன்னுதான் சார் சொல்லும்."

"நல்லதுதானே?" என்றார் அச்சுதன். "மனசுக்குத் தெம்பா இருக்கும்."

டீன் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஒரு நாள் ஒண்ணு, மறுநாள் ஒண்ணுன்னு மாத்திப் பேசற மாடல் நூறு பார்த்திருக்கேன். உங்க மாடல்ல ஒரு உறுதி இருக்கு. அதுதாம்மா எனக்குப் பிடிச்சது."

"ஆனா அது தப்பு சார்."

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஒன்பது எப்படித் தப்பாகும்? நீங்க பயிலரங்குக்கு வந்தீங்கதானே?"

தெருமுனையில் சூரிய ஒளியில் இயங்கும் அறிவிப்புப் பலகையை நட்டார்கள். தெருவாசிகள் சங்கத் தலைவர் குப்புராஜ் ரிப்பன் பிடித்தார். ஒரு காலத்தில் அந்தத் தெருவே அவர் குடும்பத்து வயல். இப்போது அவர் கட்டிய கட்டடத்தின் முதல் மாடியில் அவரும், கீழே ரத்தினபாயும் இருந்தார்கள். பலகையில் 'இன்று வெள்ளம் வராது' என்ற எழுத்தும், பச்சை விளக்கும் மட்டும் இருந்தன.

"செவப்பு லைட்டு இல்லியே சார்?" என்று குப்புராஜ் கேட்டார்.

"சோதனை ஓட்டத்துல சிவப்பு ஒரு தடவைகூடத் தேவைப்படல. அதனால வாங்கல" என்றார் அச்சுதன்.

ஹெப்சியின் பழைய மென்பொருள் அவள் போனில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஐப்பசியில் ஒரு முறை அலாரம் அடித்தது, தண்ணீர் வரவில்லை. இன்னொரு முறை அடித்தது, அப்போதும் வரவில்லை. பலகை இரண்டு நாளும் பச்சையாகவே எரிந்தது. படியிறங்கிய ரத்தினபாய் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உன்னோட பழசை விட உன்னோட புதுசு நல்லா இருக்கும்மா. இனிமே நான் அதையே பார்த்துக்கறேன்."

ஹெப்சி சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மா சான்றிதழின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

கார்த்திகையில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி விழா. இரண்டு நாளாக மழை விடவில்லை. 'ஆண்டின் தலைசிறந்த ஆய்வு' என்ற விருது நீர்வலைக்குத்தான். சிறப்பு விருந்தினர் போகும்வரை ஸ்காலர்கள் யாரும் வெளியேறக் கூடாது என்று அரங்கின் கதவைச் சாத்தியிருந்தார்கள். மத்தியானம் ஹெப்சியின் போன் அலாரம் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஏரி மட்டம் அவள் இதுவரை பார்த்திராத உயரத்தில் இருந்தது.

அரங்கின் மூலையில் ஒதுங்கி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, உடனே மேல போ. குப்புராஜ் அண்ணாவைப் பிடிச்சுக்கிட்டு ஏறிடு."

"இப்பதான் எட்டிப் பார்த்தேன், போர்டு பச்சைதான் காட்டுது."

"போர்டை விடும்மா! அது பொய்."

"பொய்யா? நீ எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதாம்மா பொய்!"

ரத்தினபாய், வகுப்பில் தைரியம் இழந்த பிள்ளையிடம் பேசும் குரலில் சொன்னார்: "பரிசு வாங்கற நாள்ல இப்படித்தான் பதட்டமா இருக்கும். பொய்யா இருந்தா இத்தனை பெரியவங்க கையெழுத்துப் போடுவாங்களா? உன் மேல உனக்கு நம்பிக்கை இல்லாட்டியும் எனக்கு இருக்கு. போய் நல்லபடியா வாங்கிட்டு வா."

மறுபடி கூப்பிட்டபோது லைன் கிடைக்கவில்லை. குப்புராஜுக்கும் கிடைக்கவில்லை, தீயணைப்புக்கும் கிடைக்கவில்லை.

ஹெப்சி மேடைக்கே ஓடினாள். டீன் மேடை ஓரத்தில் நின்று சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், செம்பாக்கத்துல தண்ணி வரப்போகுது. எங்க அம்மா கீழ இருக்காங்க. கதவைத் திறக்கச் சொல்லுங்க சார். தீயணைப்புக்குச் சொல்லுங்க சார்."

"எதை வெச்சு சொல்றீங்க?"

"என்னோட பழைய புரோகிராம்."

"அதுக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்தி நாலு."

டீன் பெருமூச்சு விட்டார். "விருது வாங்கின ஆய்வு வராதுன்னு சொல்லுது. தேறாத ஆய்வு வரும்னு சொல்லுது. விருது குடுக்கற மேடையில நின்னுக்கிட்டு நான் எதை நம்பணும்னு நீங்களே சொல்லுங்க. உங்க பேப்பரை நீங்களே எதிர்க்கணும்னா அதுக்கு மறுப்புக் கட்டுரை எழுதணும். எழுதுங்க, அதுல முதல் பேரு உங்களுக்கே தர்றேன்."

கதவு மாலைதான் திறந்தது. சேலையூர் வரை பஸ் வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக்கு முன்னாலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஹெப்சி முழங்காலளவுத் தண்ணீரில் நடந்தாள், பிறகு தொடையளவில். யார் யாரோ போகாதே என்று கத்தினார்கள். தடுக்கி விழுந்து எழுந்து, வாய்க்குள் போன சாக்கடையைத் துப்பிக்கொண்டு, கர்த்தரே, கர்த்தரே என்று புலம்பியபடி போனாள். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. முனையில் பலகை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சூரிய ஒளியில் இயங்குவது, நல்ல தரம். பச்சை வெளிச்சம் தண்ணீரில் விழுந்து தெருவே பச்சையாகத் தெரிந்தது.

ரத்தினபாய் சாப்பாட்டு மேஜையின் மேல் சுவரில் சாய்ந்து கிடந்தார். தண்ணீர் மேஜைப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு கால் பொருந்தாத பக்கமாகத் திரும்பியிருந்தது. குப்புராஜ் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே கூப்ட்டேம்மா, மேல வந்துடுங்க டீச்சர்னு. போர்டு பச்சையாத்தானே கீதுன்னாங்க. எட்டிப் பார்த்தேன், ஆமா, பச்சையாத்தான் இருந்துச்சு. சரின்னு வுட்டுட்டேன்" என்றார் அவர். "சடார்னு வந்துடுச்சு. வழுக்கி வுயுந்துட்டாங்க."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இருவரும் அம்மாவை மாடிக்குத் தூக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அம்மா அலறினார். படகு மறுநாள்தான் வந்தது.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வயதாகிவிட்டதால் இனி நடப்பது சந்தேகம் என்று தாம்பரத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து பல்கலைக்கழக வாசலில் போட்டுக் கத்தினார்கள். அது அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. மேன்மை மையத்தில் அவசரக் கூட்டம் கூடியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஹெப்சியையும் வரவழைத்தார்கள்.

"முதல்ல அறிவியல்பூர்வமா பார்ப்போம்" என்று டீன் ஆரம்பித்தார். "மாடல் ஒரே ஒரு நாள்தான் தவறியிருக்கு. அக்யூரசி புள்ளி ஒன்பதிலேருந்து புள்ளி எட்டுக்கு வந்திருக்கு. தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டு! இன்னும் ஆராய்ச்சிதான், முயற்சி ஆயிடல. அதுல எல்லாருக்கும் திருப்தி. ஆனா ஆசிரியர் வரிசை பத்தி ஒரு மனசாட்சிப் பிரச்சினை இருக்கு. உழைச்சது ஒருத்தர், பேரு பலருக்குன்னு இருக்கறது நியாயமா?"

நியாயமே இல்லை என்று அச்சுதன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டீனின் மனைவி தனக்கு நீரைப் பற்றி எதுவும் தெரியாது என்று தெரிவித்தார். வேந்தர் தன் பெயரோடு காலமான தந்தையின் பெயரையும் பெருந்தன்மையாக விலக்கிக்கொண்டார்.

"இளைய தலைமுறைக்கு வழி விடறதுதான் இந்த மையத்தோட நோக்கம்" என்று டீன் முடித்தார். "இனிமே இந்தப் பேப்பருக்கு ஹெப்சி ஒருத்தர்தான் ஆசிரியர். முழுப் பொறுப்பும், முழுப் பெருமையும் அவங்களுக்கே. கைதட்டுங்க."

கைதட்டினார்கள். தீசிஸ் சமர்ப்பிக்கவும் அங்கேயே அனுமதி கொடுத்தார்கள்.

"பேப்பரைத் திரும்ப வாங்கிக்கணும்னா என்ன சார் பண்ணணும்?" என்று ஹெப்சி கேட்டாள்.

"எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போடணும்மா" என்றார் டீன் பழக்கதோஷத்தில். இப்போது ஒரே ஆசிரியர் அவள்தான் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆனா உங்க பட்டம் போயிடுமே?"

திருத்திய பேப்பரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஹெப்சி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மா விழித்திருந்தார். மகள் கையிலிருந்த தாளை வாங்கி, தலையணைக்கடியில் கண்ணாடியைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில போட்டுட்டாங்களா உன் பேரை?"

"ஆமாம்மா. என் பேரு மட்டும்தான் இருக்கு."

ரத்தினபாயின் முகம் வலியிலும் மலர்ந்தது. பெயரின்மேல் விரலை வைத்துத் தடவினார். படுத்த இடத்தில் வேறு வேலை இல்லாததால் மேற்கொண்டு வாசித்தார். முப்பது வருஷம் கட்டுரைநோட்டு திருத்தியவருக்கு ஒவ்வொரு வரியாகத்தான் வாசிக்கத் தெரியும். முதல் பகுதியை முடித்தார். இரண்டாம் பகுதியை முடித்தார். மூன்றாம் பகுதியில் அவர் விரல் நின்றது. அந்த இரண்டு வரிகளையும் வாய்விட்டு, மெதுவாக, ஒரு முறை படித்தார்.

ஹெப்சி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு தெளிவா எழுதி வெச்சிருக்கியே" என்றார் அம்மா. "இதை ஒருத்தர்கூடப் படிக்கலையா?"

"இல்லம்மா."

அம்மா தாளை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"வீட்ல சட்டம் போட்டதுக்குப் பக்கத்துலதானே இதுவும் கெடந்துச்சு, எத்தனை மாசமா" என்றார். "நானும் படிக்கலையேம்மா. உன் பேரு எங்க இருக்குன்னுதான் தேடினேன்."